குற்றச் சக்கரவர்த்தியின் வாரிசுகள்: தமிழ் காமிக்ஸ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

லயனும் முத்துவும் ராணியும் வாசித்து வளர்ந்த நண்பர்களுக்கு,



நம் கூட்டத்தில் ஒரு தீர்ப்பு கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. சூப்பர் ஹீரோ கதை என்றால் பூச்சுற்றல். டெக்ஸ் வில்லர் வந்தால் திருவிழா. தோர்கலையும் லார்கோ வின்ச்சையும் கட்டம் கட்டமாக அலசுகிறோம். இரத்தப் படலத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று விடிய விடியப் பேசுகிறோம். இரும்புக்கை மாயாவியோ ஸ்பைடரோ கெட்டி அட்டையில் மறுபதிப்பாக வந்தால் அதையும் வாங்குகிறோம். அட்டையைத் தடவுகிறோம், மை வாசனையை முகர்கிறோம், அலமாரியில் நிறுத்தி வைக்கிறோம். வாசிப்பதில்லை. அமெரிக்காவில் இப்போது வரும் பேட்மேன், சூப்பர்மேன் இதழ்களைப் பற்றி எவராவது வாயெடுத்தால், நமக்கு அது ஒத்துவராது என்று பேச்சை மாற்றிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பைத் திரும்பவும் விசாரணைக்கு எடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். 2024இல் தொடங்கிய சில சூப்பர் ஹீரோ வரிசைகளை ஆங்கிலத் தொகுப்பாக வாங்கி வாசித்தேன். வாசித்த கையோடு நம் பழைய ஸ்பைடரையும் மாயாவியையும் எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இரண்டும் ஒரே குடும்பம் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அந்தக் குடும்பத்தின் மூத்த தலைமுறையை நாம் பூஜையறையில் வைத்துவிட்டு, இளைய தலைமுறையை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

பேட்மேனிலிருந்து தொடங்குகிறேன். 2024 அக்டோபரில் டிசி நிறுவனம் ‘அப்சல்யூட் பேட்மேன்’ முதல் இதழை வெளியிட்டது. எழுத்து ஸ்காட் ஸ்னைடர், ஓவியம் நிக் டிராகோட்டா. 1939 முதல் நமக்குத் தெரிந்த ப்ரூஸ் வெய்ன் கோடீஸ்வரன். மாளிகை உண்டு, விசுவாசமான பணியாள் ஆல்ஃபிரட் உண்டு, குகை நிறைய வண்டிகளும் கருவிகளும் உண்டு. பெற்றோர் இருவரும் சந்தில் சுடப்பட்டு இறந்தவர்கள். இந்தப் புதிய வரிசையில் ஸ்னைடர் அந்தச் சொத்து முழுவதையும் பிடுங்கிவிடுகிறார். இங்கே ப்ரூஸின் அப்பா ஒரு பள்ளி ஆசிரியர். மாணவர்களை உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போன இடத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறக்கிறார். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறாள். ப்ரூஸ் நகராட்சியில் பொறியாளர். ஆல்ஃபிரட் அவனுக்குச் சேவகம் செய்பவர் இல்லை. அவனைக் கண்காணிக்க வந்த பிரிட்டிஷ் உளவாளி.

பணத்தை எடுத்துவிட்டால் பேட்மேனிடம் என்ன மிஞ்சும்? நம்மில் பலர் கேட்ட கேள்விதான். பணக்காரன் பொழுதுபோகாமல் ஏழைத் திருடர்களை அடிக்கிறான் என்று சொல்லி இந்தக் கதையை ஒதுக்கியவர்கள் நம் கூட்டத்தில் உண்டு. ஸ்னைடர் தரும் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது: மிஞ்சுவது வேலை தெரிந்த ஒரு மனிதன். பாலம் எங்கே வலுவிழக்கும், சாக்கடை எந்தத் தெருவுக்கடியில் போகிறது என்பதெல்லாம் நகரைக் கட்டிப் பராமரிப்பவனுக்குத் தெரியும். அவனுடைய வண்டி பளபளக்கும் கார் கிடையாது, ராட்சத டிப்பர் லாரி. மார்பில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றி எடுத்தால் கோடரி. அது முதன்முதலாகக் கழலும் கட்டத்தில் நான் பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். டிராகோட்டா வரையும் உடல் தூண் மாதிரி அகலம். கட்டத்துக்குள் அடங்காமல் தோள் வெளியே வருகிறது. ஒரு பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக அடுக்கி நம் மூச்சைப் பிடித்து வைத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் ஒரே ஓவியமாக விரித்துப் போடுகிறார். மாடஸ்டியின் மெல்லிய கோடுகளையும் டெக்ஸின் தூசி பறக்கும் பாலைவனத்தையும் ரசிக்கத் தெரிந்த நமக்கு இதை ரசிக்கக் கண் கிடையாதா?

கதையில் எனக்கு மிக நெருக்கமானது அடிதடி அல்ல, நட்பு. சிறுவயதில் ப்ரூஸோடு ஒரே தெருவில் திரிந்த கூட்டாளிகள் யார் தெரியுமா? வேலன், ஆஸ்வால்ட், எட்வர்ட், ஹார்வி. பேட்மேன் கதை தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர்களைக் கேட்டதும் வயிற்றைப் பிசையும். கில்லர் கிராக், பெங்குவின், ரிட்லர், டூ ஃபேஸ் என்று வழக்கமாக அவனுடைய எதிரிகளாக வருகிறவர்கள் அவர்கள். இங்கே அவர்கள் சீட்டாடும் நண்பர்கள். இவர்களில் எவன் எப்போது என்ன ஆவானோ என்ற பயத்தோடு ஒவ்வொரு சிரிப்பையும் படிக்க வேண்டியிருக்கிறது. எண்பத்தைந்து ஆண்டு வரலாற்றைச் சுமையாக்காமல் அதையே கதையின் பதற்றமாக மாற்றிய இந்த வித்தையை நான் மெச்சுகிறேன்.

குறையும் உண்டு. வன்முறை அளவு மீறியது. கை கால் ஒடிவதை இத்தனை விவரமாகக் காட்ட வேண்டிய தேவை கதைக்கு இல்லை. ஆறு இதழ்கள் கொண்ட முதல் தொகுப்பை முடித்தபோது, பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் இதைக் கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வரிசையில் ‘அப்சல்யூட் வொண்டர் வுமன்’ வந்தது. கெல்லி தாம்சன் எழுத, ஹேடன் ஷெர்மன் வரைந்தது. அமேசான் தீவில் வளராமல் நரகத்தில் ஒரு சூனியக்காரியிடம் வளர்ந்த டயானா. பேயும் பூதமும் கலந்த அந்த உலகம் பழைய ‘திகில்’ காமிக்ஸை விரும்பியவர்களுக்கு உடனே பிடிக்கும். அவ்வளவு கொடிய இடத்தில் வளர்ந்தவளுக்கு அவ்வளவு கனிவு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கதையே விடை சொல்கிறது. அதைச் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை.

இனி சூப்பர்மேன். 2024 நவம்பரில் தொடங்கிய ‘அப்சல்யூட் சூப்பர்மேன்’, எழுத்து ஜேசன் ஆரன், ஓவியம் ரஃபா சாண்டோவல். இங்கே கிரிப்டான் கிரகத்தில் வகுப்புப் பிரிவினை இருக்கிறது. கால்-எல் பிறந்தது உழைப்பாளர் வகுப்பில். அவன் குழந்தையாகத் தொட்டிலில் வைத்து அனுப்பப்படவில்லை. தன் கிரகம் அழிவதைப் பார்க்கும் வயது வரை அங்கே வாழ்கிறான். பூமியில் அவனை நாம் முதலில் சந்திப்பது பிரேசிலில், ஒரு பெரிய நிறுவனம் ஆட்களைக் கசக்கிப் பிழியும் சுரங்கத்தில். அவன் நிற்பது சுரங்கத் தொழிலாளர்கள் பக்கம்.

சூப்பர்மேனுக்கு அரசியல் சாயம் பூசிவிட்டார்கள் என்று ஒரு குரல் எழுந்தது. நம் நண்பர்கள் சிலரும் அப்படிச் சொன்னார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானான். மூன்றாவது இதழிலேயே அவன் செய்தது என்ன? சுரங்க விபத்தில் தொழிலாளர்கள் சிக்குகிறார்கள். பாதுகாப்பைக் கண்டுகொள்ளாத முதலாளி தன் மாளிகையில் விருந்து நடத்துகிறான். சூப்பர்மேன் தொழிலாளி வேடத்தில் வந்து, அந்த முதலாளியையும் விருந்தாளிகளையும் அதே சுரங்கத்துக்குள் இறங்க வைத்து, உள்ளே அடைபடுவது எப்படி இருக்கும் என்று அனுபவிக்க விடுகிறான். சாயம் இப்போது பூசப்பட்டது அல்ல. ஆரன் செய்தது மேலே படிந்த தூசியைத் துடைத்த வேலை.

அந்த மூன்றாவது இதழை எழுதியவர் ஜெர்ரி சீகல். கிளீவ்லாந்து நகரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு யூதக் குடியேறியின் மகன். 1932இல் கடைக்குள் நடந்த திருட்டின்போது தந்தை உயிரிழந்தார். ஓவியர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர் இவர். 1938இல் அந்தப் பாத்திரத்தின் முழு உரிமையையும் 130 டாலருக்கு இருவரும் விற்றார்கள். பிறகு நீதிமன்றம், சண்டை, வேலையிழப்பு. 1975இல் பொதுமக்கள் மத்தியில் குரல் எழுந்த பிறகுதான் அவர்களுக்கு ஆண்டு உதவித்தொகையும், உருவாக்கியவர்கள் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன.

நண்பர்களே, இடைப்பட்ட அந்த ஒடுங்கிய காலத்தில், 1960களில், சீகல் பிழைப்புக்காக என்ன எழுதினார் தெரியுமா? நம் ஸ்பைடரை.

நீதிக்காவலன் ஸ்பைடர். குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர். கூரிய காதும் கறுப்பு உடையுமாக, ஹெலிகாரில் நியூயார்க் மேல் பறந்த அதே ஸ்பைடர். 1965இல் இங்கிலாந்தின் ‘லயன்’ வார இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைய அவன் பிறந்தான். முதல் இரண்டு தொடர்களுக்குப் பிறகு எழுதும் பொறுப்பு சீகல் கைக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேய வார இதழ்கள் எழுத்தாளர் பெயரையும் ஓவியர் பெயரையும் அச்சிடும் வழக்கம் கொண்டவை அல்ல. ஆகவே உலகின் முதல் சூப்பர் ஹீரோவைப் படைத்த மனிதர் ஊர் பேர் இல்லாமல் எழுதினார். ஸ்பைடர் கதைகள் 1984இல் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தன. ‘எத்தனுக்கு எத்தன்’ தொடங்கி ‘டாக்டர் டக்கர்’, ‘கடத்தல் குமிழிகள்’ என்று வரிசையாக வந்தன. சிவகாசியும் சங்கரன்கோவிலும் ஒரே ரயில் பாதையில் இருக்கும் ஊர்கள். விருதுநகரிலிருந்து செங்கோட்டை போகும் அந்த வழியில், அன்று மீட்டர் கேஜில், ராஜபாளையம் தாண்டினால் எங்கள் ஊர். புத்தகம் அச்சகத்திலிருந்து எங்கள் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்க அதிக நாள் ஆகாது. ஒன்றரை ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் நாம் கையில் பிடித்தது சூப்பர்மேனின் தகப்பன் எழுதிய பக்கங்களை. நமக்கு அது தெரியவில்லை. தெரிந்த பிறகும் அதைப் பூச்சுற்றல் என்று சொல்லிச் சிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பின்னணியோடு ஸ்பைடரை மறுபடி வாசியுங்கள். அவன் தொடக்கத்தில் நல்லவனே அல்ல. உலகின் குற்றவாளிகள் எல்லோருக்கும் அரசனாக வேண்டும் என்று கிளம்புகிறான். கூட்டாளிகள் பெல்ஹாமையும் ஆர்டினியையும் அடியாட்களாக நடத்துகிறான். அவனுடைய ஆணவத்துக்கு அளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, மற்ற குற்றவாளிகளை வீழ்த்துவதில்தான் அதிக சுவாரஸ்யம் என்று கண்டுகொண்டு பக்கம் மாறுகிறான். திருந்தியதால் மாறவில்லை, தன்னைவிட எவனும் பெரியவனாக இருக்கக் கூடாது என்பதால் மாறுகிறான். இத்தனை விசித்திரமான மனநிலையை ஒரு சிறுவர் வார இதழில் எழுதியிருக்கிறார்கள். வில்லன்களின் சாதனங்கள் நம்ப முடியாதவைதான். நம்பச் சொல்லி அந்தக் கதைகள் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு வாரமும் இரண்டே பக்கத்தில் புதிதாக ஒன்றைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் பிறந்த கற்பனை அது. ரெக் பன்னின் பேனாக் கோடுகளைப் பாருங்கள். நிழலைக் கறுப்பாக நிரப்பாமல் நெருக்கமான கீற்றுகளாலேயே நெய்திருக்கிறார். தறி ஓசைக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்தப் பின்னலைப் பார்க்கும்போது கை தானாகத் தடவிப் பார்க்கும்.

இரும்புக்கை மாயாவியும் அப்படியே. 1972இல் சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன்தான். மூலக் கதை 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ இதழில் வந்தது. எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர், வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. நம் நினைவில் இருக்கும் மாயாவி, அதாவது லூயி கிராண்டேல், நிழற்படையின் உளவாளி, நல்லவன். முதல் கதையை எடுத்துப் படியுங்கள். ஆய்வகத்தில் மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்து கை மட்டும் தெரியும் நிலை வந்ததும் அவன் செய்வது திருட்டு. யாரும் என்னைப் பார்க்க முடியாது என்ற நினைப்பு ஒருவனை என்ன செய்யும் என்று அந்தக் கதை கேட்கிறது. பிளாஸ்கோவின் ஓவியத்தில் அறை முழுக்க இருட்டு. ஒரு மூலையில் விளக்கு. அந்தரத்தில் ஒரு கை. அந்த இருட்டுதான் ஓவியம். ஆகவே மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் வண்ணம் பூசி வெளியிடச் சொல்லி ஒவ்வொரு முறையும் கேட்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: வேண்டாம். கறுப்பு வெள்ளையில் யோசித்து வரைந்த கலைஞர்கள் அவர்கள். பெரிய அளவு கேளுங்கள், நல்ல தாள் கேளுங்கள், படைத்தவர்களின் பெயரை அட்டையிலேயே அச்சிடச் சொல்லுங்கள். சீகல், பன், புல்மர், பிளாஸ்கோ என்ற பெயர்கள் ஒவ்வொரு மறுபதிப்பிலும் தெளிவாக இருக்க வேண்டும். அவர்கள் உயிரோடு இருந்தபோது கிடைக்காததை நாமாவது தரலாம்.

ஒரு விஷயத்தில் நாம் தாராளமாகப் பெருமைப்படலாம். இங்கிலாந்தில் இந்தப் பாத்திரங்கள் பல ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தன. 2005இல் ஆலன் மூர் வகுத்த கதையில் வந்த ‘ஆல்பியன்’ வரிசை அவர்களை எட்டிப் பார்த்தது. பழைய பதிப்புரிமைகளை ரெபெல்லியன் நிறுவனம் வாங்கிய பிறகு, 2021இல் ஸ்பைடரின் முதல் கதைகளும் இரும்புக்கையின் முதல் கதைகளும் அங்கே தொகுப்பாக வந்தன. சொந்த நாட்டில் தேடுவாரற்றுக் கிடந்த காலத்தில் சிவகாசியில் மறுபதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. சட்டித்தலையன் ஆர்ச்சியைப் பற்றி எங்கள் ஊர் ஆட்டோ நிறுத்தத்தில் பேச ஆள் இருந்தார்கள். இந்தக் கதைகளைக் காப்பாற்றிய கூட்டம் நாம். அதனால்தான் அவற்றை வாசிக்காமல் வைத்திருப்பது எனக்கு வலிக்கிறது.

வேதாளரைப் பற்றி மட்டும் வேறு மாதிரி பேச வேண்டும். லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17 அன்று தொடங்கிய படைப்பு, சூப்பர்மேனுக்கும் இரண்டு ஆண்டு மூத்தது. உடலோடு ஒட்டிய உடையும் முகமூடியும் அணிந்த நாயகர்களின் வரிசைக்கு அவர்தான் முன்னோடி. இந்திரஜாலில், முத்துவில், ராணியில் நாம் வெவ்வேறு பெயரில் அவரைச் சந்தித்தோம். சமீப ஆண்டுகளில் பெரிய அளவில், கெட்டி அட்டையில் வேதாளரும் மாண்ட்ரேக்கும் ரிப் கெர்பியும் தமிழில் வந்திருப்பது மகிழ்ச்சி. சை பாரி வரைந்த காட்டுக்கு இணை இல்லை. ஆனால் இப்போது வாசிக்கையில் ஒன்று உறுத்துகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஆப்பிரிக்கக் காட்டில் நீதி வழங்க, அந்த மண்ணின் மக்கள் பயபக்தியோடு சுற்றி நிற்கிறார்கள். நாமும் ஆளப்பட்டவர்கள். இதைக் கவனிக்காமல் கடந்துபோவது சரியல்ல. வேதாளரை ஒதுக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். விரும்பும் கதையிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

பிள்ளைகள் என்றேன். இந்த மடலின் அவசரமே அவர்கள்தான். எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு ஸ்பைடர்மேன் தெரியும், அயர்ன்மேன் தெரியும், ஹல்க் தெரியும். ஆடித்தபசு கடைகளில் அந்த முகமூடிகள் குவியலாக விற்கின்றன. பனியனில் ஸ்பைடர்மேன், பள்ளிப் பையில் ஸ்பைடர்மேன், தண்ணீர் பாட்டிலில் ஸ்பைடர்மேன். தமிழில் பேசும் படங்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். இந்த நாயகர்கள் முதலில் புத்தகத்தில் பிறந்தவர்கள் என்பது அவர்களில் பலருக்குச் செய்தி. ஏழாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகனிடம் ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொகுப்பைக் கொடுத்தேன். ஆங்கிலம் தடுமாறியது. ஆனாலும் படத்தை வைத்துக் கதையைப் பிடித்துக்கொண்டு, தெரியாத வரிகளுக்கு என்னை மொழிபெயர்க்க வைத்தான். ‘மாமா, இது தமிழ்ல ஏன் வரல?’ என்று கேட்டான். அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன்.

அந்தப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரியில் ஜானதன் ஹிக்மன் எழுத, மார்கோ கெக்கெட்டோ வரையத் தொடங்கிய வரிசை. இந்த உலகில் பீட்டர் பார்க்கரைச் சிலந்தி கடிக்க வேண்டிய வயதில் கடிக்கவில்லை. ஒரு கொடியவன் வரலாற்றையே திருத்தி, நாயகர்கள் உருவாகாமல் தடுத்துவிட்டான். பீட்டர் வளர்கிறான், மேரி ஜேனை மணக்கிறான், ரிச்சர்ட், மே என்று இரண்டு பிள்ளைகள். பத்திரிகை அலுவலகத்தில் வேலை. பென் பெரியப்பா உயிரோடு இருக்கிறார். முப்பதைத் தாண்டிய பிறகு, தன் வாழ்க்கையில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்ற அரிப்போடு இருப்பவனுக்கு அந்தச் சிலந்தி வந்து சேர்கிறது. கடிக்க விடலாமா, வேண்டாமா என்று அவனே முடிவு செய்ய வேண்டும். பதினைந்து வயதுப் பையனுக்கு நேர்ந்த விபத்தாக இருந்த கதை, குடும்பஸ்தன் தெரிந்தே எடுக்கும் முடிவாக மாறுகிறது. அப்பாவின் ரகசியம் வீட்டில் முதலில் தெரியவருவது மகளுக்கு. அந்தக் காட்சிகளைத் தங்கை மகன் ரசித்தான், நானும் ரசித்தேன்; இருவரும் வேறு வேறு காரணத்துக்காக. நாற்பதைத் தாண்டிய வாசகனும் பன்னிரண்டு வயது வாசகனும் ஒரே பக்கத்தில் சந்திக்க முடிகிற புத்தகம் எத்தனை இருக்கிறது?

இதிலும் எனக்கு மனக்குறை உண்டு. கதைக்குள் ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு மாதமாக நகர்கிறது. அதனால் பெரிய மோதல் ஒன்று தொடங்கும் இடத்தில் இதழ் முடிந்து, அடுத்த இதழ் அதன் விளைவிலிருந்து தொடங்குகிறது. இடையில் நடந்ததைப் பாத்திரங்கள் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டு மேசைப் பேச்சு அருமையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக, வலை வீசிப் பறப்பதைக் குறைத்திருக்க வேண்டாம். கெக்கெட்டோ வரையாத இதழ்களில் அந்தக் குறை இன்னும் தெரிகிறது.

எங்கள் கோயில் கதை உங்களில் பலருக்குத் தெரியும். சங்கனும் பதுமனும் நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் ஓயாத வாதம். கோமதி அம்மனின் தவத்துக்கு இரங்கி இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் சங்கரநாராயணராகக் காட்சி தந்தார். நம் கூட்டத்தில் டெக்ஸா டைகரா, தலயா தளபதியா என்று நடக்கும் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாகங்கள்தான் ஞாபகம். அந்தச் சண்டையில் பாசம் இருக்கிறது, எனக்கும் அது பிடிக்கும். ஐரோப்பியக் கதையா, சூப்பர் ஹீரோவா என்று இப்போது நடக்கும் வாதத்தில் அந்தப் பாசத்தைக் காணவில்லை. ஒரு பக்கம் அறிவாளிகள், மறு பக்கம் குழந்தைகள் என்ற பாகுபாடுதான் தெரிகிறது. தோர்கலில் தேவர்களும் மந்திரமும் வந்தால் காவியம், வொண்டர் வுமனில் அதே வந்தால் பூச்சுற்றலா?

தமிழில் காமிக்ஸ் எப்படி வருகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். சந்தா கட்டும் வாசகரை நம்பித்தான் பதிப்பு. நாம் எதைக் கேட்கிறோமோ அது வரும். எதற்கு முகம் சுளிக்கிறோமோ அது வராது. அதனால்தான் இந்த மடலைப் பதிப்பாளருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பெரிய அமெரிக்க நிறுவனங்களிடம் உரிமை வாங்குவது எளிதல்ல, செலவும் அதிகம் என்பது புரிகிறது. ஆனால் கேட்கவே ஆள் இல்லாத ஒன்றுக்காக எந்தப் பதிப்பாளர் அந்தச் செலவைச் செய்வார்? அடுத்த சந்தா அறிவிப்பு வரும்போது, மறுபதிப்பு எவை வேண்டும் என்ற பட்டியலோடு, புதிய சூப்பர் ஹீரோ தொகுப்பு ஒன்றாவது வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். என் பரிந்துரை ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ முதல் தொகுப்பு. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அறிமுகமான முகம். அவர்களைப் புத்தகத்துக்கு இழுத்துவரும் பலம் அதற்கு உண்டு. ‘அப்சல்யூட் பேட்மேன்’ பெரியவர்களுக்காகத் தனியே வரட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். கெட்டி அட்டைத் தொகுப்பின் விலை ஒரு மாணவன் கைக்கு எட்டாது. நம் அலமாரியில் இரட்டைப் பிரதி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதில் ஒரு பிரதியைப் பக்கத்துப் பள்ளி நூலகத்துக்கோ ஊர்க் கிளை நூலகத்துக்கோ கொடுங்கள். கிழிந்தாலும் அழுக்கானாலும் பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொடுங்கள். நமக்குக் கிடைத்தவையும் அட்டை கிழிந்த, கடைசிப் பக்கம் இல்லாத பிரதிகள்தானே. ‘பாதாள நகர’த்தையும் ‘பாம்புத் தீவை’யும் அப்படித்தானே வாசித்தோம்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி நாம் கூடும்போது நானும் வருவேன், தங்கை மகனும் வருவான். பேட்மேன், சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் தொகுப்புகள் என் பையில் இருக்கும். விருப்பமுள்ளவர்கள் வாங்கிக்கொண்டு போய் நிதானமாகப் படித்துவிட்டு, அடுத்த முறை சந்திக்கும்போது கொடுத்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் கதை உங்களைக் கைவிட்டது என்று காட்டுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
சங்கரன்கோவில் வாசகன்